வண்டிப் பட்டறையில் பிறந்த விமானம்: 1910இன் சென்னையும் எஞ்சின் பறத்தலின் தொடக்கமும்

தன் எஞ்சினின் வலுவால் தரையை விட்டு எழுந்து, ஓர் ஆளைச் சுமந்து, அவர் கைக்குக் கட்டுப்பட்டுப் பறந்த முதல் ஊர்தி 1903 டிசம்பர் 17 அன்று அமெரிக்காவின் வட கரோலினா கடற்கரையில் மேலெழுந்தது. அதற்கு ஆறேகால் ஆண்டு கழித்து, 1910 மார்ச் மாதத்தில், சென்னையை அடுத்த பல்லாவரத்தில், சென்னையிலேயே கட்டப்பட்ட விமானம் ஒன்று பறந்தது. அதைக் கட்டியவர்கள் மவுண்ட் ரோடில் குதிரை வண்டிகள் செய்துவந்த சிம்ப்சன் நிறுவனத்தின் தொழிலாளர்கள். வடிவமைத்துக் கொடுத்துத் தாமே ஓட்டியவர் அதே சாலையில் ஹோட்டல் நடத்திவந்த ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் என்னும் ஐரோப்பியர். இந்திய விமான வரலாற்றை எழுதுவோர் இந்நிகழ்வை ஓரிரு வரிகளில் கடந்துவிடுவது வழக்கமாக இருந்தாலும், ஒரு கண்டுபிடிப்பு தான் பிறந்த ஊரை விட்டு இன்னோர் ஊருக்குப் போகும்போது அதனோடு எவை உடன்செல்கின்றன, எவை அங்கேயே தங்கிவிடுகின்றன என்று ஆராய்வதற்கு இதைவிடத் தெளிவான சான்று தென்னிந்தியாவில் அரிது.

விமானத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்ற கேள்விக்கு ஒற்றைப் பெயரை விடையாகச் சொல்ல இயலாமைக்குக் காரணம், அது ஒரே சிக்கலாக இல்லாமல் மூன்று சிக்கல்களாக இருந்ததுதான். காற்றில் ஊர்தியைத் தாங்கும் விசை, அதாவது இறக்கையின் மேலும் கீழும் காற்று ஓடுவதால் உண்டாகும் ஏற்றுவிசை, முதலாவது. ஊர்தியை முன்னோக்கித் தள்ளும் உந்துவிசை இரண்டாவது. எழுந்த பின் கவிழாமல் திருப்பவும் நிமிர்த்தவும் வேண்டிய கட்டுப்பாடு மூன்றாவது. பறவையின் சிறகு தாங்குதல், தள்ளுதல் ஆகிய இரு வேலைகளையும் ஒன்றாகச் செய்வதால், அதைப் பார்த்துச் சிறகடிக்கும் பொறிகளை வரைந்த பல தலைமுறையினர் முதல் இரண்டு சிக்கல்களையும் பிரித்தறியவில்லை. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரைச் சேர்ந்த சர் ஜார்ஜ் கெய்லி 1799இல் ஒரு சிறிய வெள்ளித் தகட்டில் பொறித்துவைத்த வரைபடத்தில், தாங்குவதற்கு அசையாத இறக்கையும் தள்ளுவதற்கு வேறொரு கருவியும் தனித்தனியே காட்டப்பட்டிருந்தன; இன்றைய விமானத்தின் அடிப்படை அமைப்பு அந்தப் பிரிவினையிலிருந்தே வருகிறது.

கெய்லிக்குப் பின் நெடுங்காலம் பலரும் எஞ்சினையே நம்பினார்கள். பிரான்சின் கிளெமான் அதேர் 1890இல் நீராவி எஞ்சின் பொருத்திய ஊர்தி ஒன்றில் தரையை விட்டுச் சில கணங்கள் எழும்பினார்; இயந்திரத் துப்பாக்கியால் புகழ்பெற்ற ஹைரம் மாக்சிம் 1894இல் தண்டவாளத்தின் மேல் ஓட்டிய மாபெரும் நீராவி ஊர்தியும் எழும்பித் தடுமாறியது. எழுந்ததை ஆளும் வழி இருவரிடமும் இல்லை. இதற்கு மாறாக, ஜெர்மனியின் ஓட்டோ லிலியந்தால் எஞ்சினை ஒதுக்கிவைத்து, காற்றில் சறுக்கிச் செல்லும் கிளைடர் எனப்படும் எஞ்சினற்ற ஊர்திகளில் 1891 முதல் 1896 வரை ஏறத்தாழ 2,000 முறை பறந்து, உடலை அப்படியும் இப்படியும் சாய்த்தே ஊர்தியைக் கட்டுப்படுத்தினார். 1896 ஆகஸ்டில் கிளைடர் நிலைகுலைந்து விழுந்து அவர் இறந்த செய்தி, உடல் எடையைச் சாய்ப்பதால் மட்டும் காற்றின் திடீர் வீச்சுகளைச் சமாளிக்க இயலாது என்பதை அடுத்து வந்தவர்களுக்கு உணர்த்தியது.

ஒகையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் சைக்கிள் கடை நடத்திய வில்பர் ரைட், ஆர்வில் ரைட் சகோதரர்கள் தொடங்கியது இந்தப் புள்ளியிலிருந்துதான். விமானம் மூன்று அச்சுகளில் அசைகிறது: மூக்கு மேலும் கீழும் ஏறி இறங்குவது ஒன்று, இறக்கைகள் இடமும் வலமும் சரிவது இன்னொன்று, மூக்கு இடமோ வலமோ திரும்புவது மூன்றாவது. இம்மூன்றையும் ஓட்டுபவரே தனித்தனியே ஆளும் வகையில், முன்புறத்தில் ஏற்ற இறக்கத்துக்கான தளம், இறக்கை நுனிகளைக் கம்பியால் முறுக்கிச் சரிவைத் திருத்தும் ஏற்பாடு, பின்புறத்தில் படகின் சுக்கானைப் போன்ற திருப்புதளம் ஆகியவற்றை அவர்கள் ஒருங்கிணைத்தார்கள். முன்னோரின் கணக்குகள் பொருந்தாததைக் கண்டு, 1901இல் மரப்பெட்டியால் ஆன காற்றுச் சுரங்கம் ஒன்றைச் செய்து, அதற்குள் விசிறியால் காற்றை ஓடவிட்டு, ஏறத்தாழ 200 சிறு இறக்கை வடிவங்களைச் சோதித்தார்கள். 1902இன் கிளைடரில் கட்டுப்பாட்டுச் சிக்கல் தீர்ந்த பின்னரே அவர்கள் எஞ்சினை நினைத்தார்கள்.

எஞ்சின் கிடைத்த விதம் இக்கட்டுரையின் பொருளுக்கு முக்கியமானது. தேவையான வலுவும் குறைந்த எடையும் கொண்ட எஞ்சினைத் தர மோட்டார் நிறுவனங்கள் எவையும் முன்வராததால், கடையின் மெக்கானிக் சார்லி டெய்லர் சுமார் ஆறு வாரங்களில், கடைசல் இயந்திரம், துளைபோடும் இயந்திரம் போன்ற சாதாரணப் பட்டறைக் கருவிகளைக் கொண்டே நான்கு சிலிண்டர்களும் 12 குதிரைத்திறனும் உடைய எஞ்சினை உருவாக்கினார். அதன் உடற்கூடு எடை குறைந்த அலுமினியத்தில் டேட்டனிலேயே இருந்த வார்ப்பாலையில் வார்க்கப்பட்டது. 1903 டிசம்பர் 17 அன்று ஆர்வில் ஓட்டிய முதல் பறப்பு 12 வினாடி நீடித்து 120 அடி தொலைவையும், அன்று நண்பகலில் வில்பர் ஓட்டிய நான்காம் பறப்பு 59 வினாடி நீடித்து 852 அடி தொலைவையும் கடந்தன. அதே மாதம் 8ஆம் நாள், அமெரிக்கப் போர்த்துறையிடமிருந்து 50,000 டாலர் பெற்றுச் சாமுவேல் லாங்லி கட்டிய ஊர்தி, மிகச் சிறந்த எஞ்சின் இருந்தும், பொட்டோமாக் ஆற்றில் விழுந்திருந்தது. அதில் கட்டுப்பாடு பற்றிய சிந்தனை குறைவாக இருந்தது.

பறத்தலுக்கு உயரமான இடம் வேண்டும் என்று தோன்றுவது இயல்பே என்றாலும், தொடக்ககாலக் கண்டுபிடிப்பாளர்கள் தேடியது வேறு. லிலியந்தால் பெர்லினுக்கு அருகில் 1894இல் தமக்கெனக் கட்டிக்கொண்ட செயற்கைக் குன்று சுமார் 15 மீட்டர் உயரமே இருந்தது; ரைட் சகோதரர்கள் கிளைடரைப் பழகியது மென்மணல் மேடுகளில்; 1903இன் எஞ்சின் விமானம் எழுந்ததோ அம்மேடுகளின் அடியில் இருந்த சமதரையிலிருந்து. விழுந்தால் உடையாத மென்மையான தரை, தடையின்றி ஓட நீண்ட வெளி, உடைந்ததைப் பழுதுபார்க்க அருகில் பட்டறை ஆகிய மூன்றும் வேண்டியிருந்ததால், தமிழகத்தில் இக்கதை மலையில் நிகழாமல் சென்னைச் சமவெளியின் பட்டாளத் திடலில் நிகழ்ந்தது.

ரைட் சகோதரர்கள் காப்புரிமை கருதித் தம் ஊர்தியை நெடுநாள் பொதுப் பார்வைக்குக் காட்டாததால், ஐரோப்பாவில் பறத்தல் தனி வழியில் வளர்ந்தது. பாரிசில் வாழ்ந்த பிரேசில் நாட்டவர் ஆல்பர்ட்டோ சாந்தோஸ் டுமோன் 1906 நவம்பரில் 220 மீட்டர் பறந்தார். ஆன்றி ஃபார்மன் 1908 ஜனவரியில் ஒரு கிலோமீட்டர் சுற்றைப் பறந்து முடித்தார். 1908 ஆகஸ்டில் பிரான்சின் லெ மான் நகரருகே வில்பர் ரைட் பறந்து காட்டியபோதுதான், கட்டுப்பாட்டில் அமெரிக்கர்கள் எவ்வளவு முன்னே இருந்தார்கள் என்பது ஐரோப்பியர்களுக்கு விளங்கியது. 1909 ஜூலை 25 அன்று லூயி பிளெரியோ, மூன்று சிலிண்டர்களும் 25 குதிரைத்திறனும் உடைய அன்சானி எஞ்சினைப் பொருத்திய ஒற்றைத்தள விமானத்தில், அதாவது ஒரே அடுக்கு இறக்கை கொண்ட விமானத்தில், ஆங்கிலக் கால்வாயை ஏறத்தாழ 37 நிமிடங்களில் கடந்து, ‘டெய்லி மெயில்’ நாளிதழ் அறிவித்திருந்த 1,000 பவுண்டு பரிசைப் பெற்றார். தந்தி வழியாகவும் படங்கள் வழியாகவும் உலகெங்கும் பரவிய இச்செய்தி, விமானம் அறிஞர்களின் கருவி என்ற நிலையிலிருந்து, பணமும் துணிவும் உள்ள எவரும் முயன்று பார்க்கக்கூடிய பொருள் என்ற நிலைக்கு அதைக் கொண்டுவந்தது. சென்னையில் அந்த அழைப்பை ஏற்றவர் டி ஏஞ்சலிஸ்.

தென் ஐரோப்பாவிலிருந்து சென்னைக்கு வந்து குடியேறிய டி ஏஞ்சலிஸ், முதலில் மிட்டாய், கேக், ஐஸ் வகைகள் செய்து விற்கும் கடையை நடத்தி, ஆளுநர் மாளிகை விருந்துகளுக்கு உணவு அளிப்பவராக உயர்ந்து, 1906இல் மவுண்ட் ரோடில் தம் பெயரிலேயே ஹோட்டலைத் திறந்தார். நகரின் மேட்டுக்குடி ஐரோப்பியர்கள் கூடிய அந்த ஹோட்டல், மின்சாரத்தால் இயங்கும் புதுமைகளுக்குப் பெயர்பெற்றது. புதிய இயந்திரங்களில் ஆர்வமும், கூட்டத்தை வரவழைக்கும் வணிகத் திறமையும் ஒருங்கே கொண்ட இவர், பிளெரியோவின் வெற்றிக்குப் பின் தாமும் ஒரு விமானத்தை வடிவமைத்து, அதைக் கட்டும் பொறுப்பைச் சிம்ப்சன் நிறுவனத்திடம் ஒப்படைத்தார். பொறியியல் கல்லூரியிலோ இராணுவப் பட்டறையிலோ இவ்வேலை நடக்காமல் வண்டி கட்டும் நிறுவனத்தில் நடந்தது தற்செயல் அன்று.

1840இல் தொடங்கப்பட்ட சிம்ப்சன் நிறுவனம், ஆளுநர்களுக்கும் சமஸ்தான மன்னர்களுக்கும் சாரட்டு வண்டிகளையும், இரயில்வே நிறுவனங்களுக்குப் பெட்டிகளையும் கட்டித் தந்த தென்னிந்தியாவின் முதன்மையான வண்டிப் பட்டறை. அங்கே மரத்தை இழைத்து வளைக்கும் தச்சர்கள், சக்கரப் பட்டையும் அச்சும் அடிக்கும் கொல்லர்கள், தோலும் துணியும் தைக்கும் தையல்காரர்கள், பூச்சும் வார்னிஷும் அடிப்பவர்கள் ஆகியோர் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தார்கள். அந்நிறுவனத்தைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் 1903இல் நீராவியால் ஓடும் மோட்டார் வண்டியைக் கட்டிச் சென்னைச் சாலைகளில் ஓட்டியிருந்தார். ஆகவே குதிரை இல்லாமல் நகரும் வண்டி அப்பட்டறைக்குப் புதிய எண்ணமும் அல்ல.

1910இன் விமானத்தின் உடலைப் பிரித்துப் பார்த்தால், வண்டித் தொழிலாளிக்கு அதில் அந்நியமானது மிகக் குறைவு. அக்காலத்து விமானச் சட்டகம் மெல்லிய மரத்தால் ஆனது. ரைட் சகோதரர்கள் ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்தையும் ஆஷ் மரத்தையும் பயன்படுத்தினார்கள். இறக்கையின் வளைவைத் தீர்மானிக்கும் விலாக்கட்டைகள் நீராவியில் பதப்படுத்தி வளைக்கப்பட்டன. சாரட்டின் கூரைச் சட்டத்தை வளைக்கவும் தச்சர் கையாண்ட முறை அதுவே. சட்டகத்தின் மேல் போர்த்தி இழுத்துத் தைக்கப்பட்டது மெல்லிய பருத்தித் துணி. ரைட் சகோதரர்கள் தம் விமானத்துக்கு மஸ்லின் துணியையே கடையில் வாங்கினார்கள். மேலும் கீழுமாக இரண்டு இறக்கைகளை அடுக்கி, இடையில் தூண்கள் நிறுத்தி, மூலைவிட்டமாகக் கம்பிகளை முறுக்கிக் கட்டும் இருதள அமைப்பு, குறைந்த எடையில் அதிக உறுதி தருவதால் அன்று பரவலாக விரும்பப்பட்டது. கம்பிகளின் இறுக்கத்தைச் சரிபார்க்கும் கைப்பழக்கமும், ஓர் அங்குலப் பிசகும் இல்லாமல் இருபுறமும் ஒத்திருக்கச் செய்யும் கண்பழக்கமும் வண்டிப் பட்டறையில் தலைமுறை தலைமுறையாக இருந்தவை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் முதல் விமானங்களைக் கட்டியோரில் வண்டித் தச்சரும் படகு கட்டுவோரும் சைக்கிள் மெக்கானிக்குகளும் மிகுந்திருந்ததை நோக்கினால், சென்னை அவர்களுக்குப் பின்தங்கியிருக்கவில்லை என்பது புலனாகும்.

எஞ்சினைப் பொறுத்தவரை நிலைமை வேறு. விமானத்துக்கு வேண்டியது வலுவான எஞ்சின் என்பதைவிட, ஒவ்வொரு குதிரைத்திறனுக்கும் குறைந்த எடையுள்ள எஞ்சின் என்பதே சரி. சாலையில் ஓடும் வண்டிக்கு எஞ்சினின் எடை சுமை மட்டுமே. விமானத்துக்கோ, கூடும் ஒவ்வொரு கிலோவும் அதைத் தாங்க மேலும் பெரிய இறக்கையையும், அவ்விறக்கை காற்றில் தரும் தடையை வெல்ல மேலும் வலுவான எஞ்சினையும் கேட்கும் சுழலாக முடியும். நீராவி எஞ்சின் கொதிகலனையும் நீரையும் சுமக்க வேண்டியிருந்ததால் இச்சுழலிலிருந்து மீளவில்லை. சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோலை எரிக்கும் உள்ளெரி எஞ்சின் வந்த பிறகே வழி பிறந்தது. அதைச் செய்யத் துல்லியமான வார்ப்பு, அலுமினியக் கலவை, நுண்ணிய கடைசல், மின்பொறியூட்டும் கருவி ஆகியவற்றைத் தரும் பல சிறு ஆலைகள் ஓர் ஊரைச் சுற்றி இருக்க வேண்டும். டேட்டனில் ஆறு வாரத்தில் எஞ்சின் உருவானதற்கு டெய்லரின் திறமையோடு அந்தச் சூழலும் காரணம். சென்னையில் அச்சூழல் இல்லை. டி ஏஞ்சலிஸின் விமானத்தில் பொருத்தப்பட்டது குறைந்த குதிரைத்திறனுடைய சிறிய எஞ்சின். சிம்ப்சன் பட்டறையால் செய்ய முடிந்ததற்கும் முடியாததற்கும் இடையிலான எல்லை அங்கேயே வரையப்பட்டிருந்தது.

விமானம் கட்டி முடிந்ததும் டி ஏஞ்சலிஸ் அதைப் பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்தார். பரங்கிமலையை ஒட்டிய பட்டாளக் குடியிருப்பான பல்லாவரம், படைப் பயிற்சிக்கென மரமும் கட்டடமும் இல்லாத அகன்ற வெளிகளைக் கொண்டிருந்தது. பாரிசின் படைப் பயிற்சித் திடலான இஸ்ஸி லெ மூலினோ அதே காரணத்தால்தான் பிரெஞ்சு விமானிகளின் பள்ளியாயிற்று. பல்லாவரத்துச் சோதனைக்குப் பின், கூவம் ஆற்றின் கிளைகளுக்கு இடையில் அமைந்த தீவுத்திடலில், கட்டணம் வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்கு அவர் விமானத்தைக் காட்டினார். அக்காலத்தில் உலகெங்கும் பறத்தல் சந்தைக் காட்சியாகவே வாழ்ந்தது. விமானத்தை விலைக்கு வாங்க ஆள் இல்லாதபோதும் அதைப் பார்க்கக் காசு கொடுக்க ஆயிரக்கணக்கானோர் இருந்ததால், விமானிகள் ஊர் ஊராகச் சென்று பறந்து காட்டிப் பிழைத்தார்கள். ஹோட்டல்காரரான டி ஏஞ்சலிஸ் அந்த வணிகத்தை எவர் சொல்லியும் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

காலவரிசையில் வைத்துப் பார்க்கும்போது 1910 மார்ச் மாதத்தின் தனித்தன்மை தெரியும். இந்தியாவில் அதற்கு முன் வானில் ஏறியவை பலூன்கள். இங்கிலாந்தின் பெர்சிவல் ஸ்பென்சர் 1889இல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் பலூனில் ஏறிக் காட்டியதும், அவரிடம் பழகிய ராம் சந்திர சட்டர்ஜி அதே ஆண்டில் தனியே பலூனில் பறந்த முதல் இந்தியரானதும் அறியப்பட்டவை. எஞ்சின் விமானங்கள் வட இந்தியாவுக்கு வந்தது 1910இன் இறுதியில். அலகாபாத்திலும் கல்கத்தாவிலும் ஐரோப்பிய விமானிகள் டிசம்பரில் பறந்தார்கள். 1911 பிப்ரவரி 18 அன்று ஆன்றி பெக்கே என்ற பிரெஞ்சு விமானி, அலகாபாத் கண்காட்சித் திடலிலிருந்து யமுனையைக் கடந்து நைனி வரை சுமார் 10 கிலோமீட்டர் தொலைவுக்கு ஏறத்தாழ 6,500 கடிதங்களைக் கொண்டுசென்றது உலகின் முதல் அதிகாரபூர்வ விமான அஞ்சல் எனக் கொண்டாடப்படுகிறது. இவை யாவும் கப்பலில் வந்திறங்கிய ஐரோப்பிய விமானங்கள். அவற்றுக்கு ஒன்பது மாதம் முந்திய சென்னை விமானமோ இந்தியப் பட்டறையில் கட்டப்பட்டது. முந்தியது எது என்ற பெருமையைவிட இந்த வேறுபாடே வரலாற்று மதிப்புடையது.

இருந்தும், இந்தியாவின் முதல் விமானம் எது என்ற உரையாடலில் டி ஏஞ்சலிஸின் பெயரைவிட அதிகமாக அடிபடுவது சிவகர் பாபுஜி தல்படேயின் பெயர். 1895இல் பம்பாய் சௌபாத்திக் கடற்கரையில் அவர் ஆளில்லாத விமானம் ஒன்றைப் பறக்கவிட்டார் என்ற கூற்று பிற்காலத்தில் பரவியதே அன்றி, சமகாலச் சான்றால் உறுதிப்படவில்லை. இக்கூற்றோடு இணைத்துப் பேசப்படும் ‘வைமானிக சாஸ்திரம்’ என்னும் சமஸ்கிருத நூலுக்குத் தமிழகத் தொடர்பு உண்டு: அதைச் சொல்லச்சொல்லப் பிறரைக் கொண்டு எழுதுவித்த பண்டிதர் சுப்பராய சாஸ்திரி ஓசூர் வட்டாரத்தில் பிறந்து, கர்நாடகத்தின் ஆனேக்கல்லில் வாழ்ந்தவர். 1918க்கும் 1923க்கும் இடையில் எழுதப்பட்ட அந்நூலை, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் விமானப் பொறியியல், இயந்திரப் பொறியியல் துறைகளைச் சேர்ந்த ஐந்து அறிஞர்கள் ஆராய்ந்து 1974இல் கட்டுரை வெளியிட்டார்கள். நூலின் மொழி பழமையானதன்று, அது 1904க்கு முந்தியதாக இருக்க இயலாது, அதில் வரையப்பட்ட சகுனம், சுந்தரம், ருக்மம், திரிபுரம் என்னும் நான்கு ஊர்திகளும் பறக்கும் தகுதி அற்றவை என்பது அவர்களின் முடிவு. ஏற்றுவிசை, உந்துவிசை, கட்டுப்பாடு என்ற மூன்று சிக்கல்களில் ஒன்றுக்கேனும் சோதிக்கத்தக்க விடை அந்நூலில் இல்லாததே, அதை ரைட் சகோதரர்களின் காற்றுச் சுரங்கக் குறிப்புகளிலிருந்து வேறுபடுத்துகிறது. முன்னோர் பெருமையை நாடும் மனநிலை நூலை நினைவில் வைத்துக்கொண்டு பட்டறையை மறந்துவிட்டதால், மரத்தை வளைத்துத் துணியைத் தைத்து உண்மையாகவே விமானம் கட்டிய சென்னைத் தொழிலாளர்கள் கதைக்கு வெளியே நின்றுவிட்டார்கள்.

சென்னை முயற்சி ஏன் தொடரவில்லை என்பதற்கான விடையும் எஞ்சினைச் சுற்றியே அமைகிறது. அதனோடு வாங்குவோர் யார் என்ற கேள்வியும் சேர்கிறது. பிரான்சிலும் இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் 1910க்குப் பின் விமானத் தொழிலை வளர்த்தவை படைத்துறைகளின் கொள்முதல்கள். இந்தியாவின் பிரிட்டிஷ் படை, 1911இன் தொடக்கத்தில் தக்காணப் படைப் பயிற்சியின்போது விமானத்தைக் கொண்டு வேவு பார்த்துச் சோதித்தும், 1914இல் சீதாபூரில் பறத்தல் பள்ளியைத் தொடங்கியும், விமானங்களை இங்கிலாந்திலிருந்தே வரவழைத்தது. சென்னையின் பங்கு பணம் கொடுப்பதாகச் சுருங்கியது: இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையின் 79, 264 ஆகிய எண்ணுள்ள படைப்பிரிவுகள், மாகாணம் அளித்த நன்கொடைக்காக ‘மதராஸ் மாகாணம்’ என்ற பெயரைத் தாங்கிப் பறந்தன, அவற்றின் விமானங்களில் ஒன்றும் சென்னையில் கட்டப்பட்டதன்று. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் விமானத்தை ஓட்டிவர, அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அதைக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். அந்த ‘புஸ் மாத்’ வகை விமானமும் இங்கிலாந்தின் டி ஹாவிலாண்ட் நிறுவனத்தின் தயாரிப்பு.

விமானம் கட்டும் அறிவு தென்னிந்தியாவுக்குத் திரும்பியது பட்டறை வழியாக அல்லாமல் நிறுவனங்கள் வழியாக. வால்சந்த் ஹீராசந்தின் முயற்சியால் 1940இல் பெங்களூரில் இந்துஸ்தான் விமான ஆலை பிறந்தது; 1942இல் இந்திய அறிவியல் கழகம் விமானப் பொறியியல் துறையைத் தொடங்கியது; ஜெர்மனியின் கோட்டிங்கனில் லுட்விக் பிராண்டில் என்னும் காற்றியக்க அறிஞரிடம் பயின்ற வி.எம். காட்கே வடிவமைத்த எச்.டி.-2 பயிற்சி விமானம் 1951 ஆகஸ்டில் பறந்தது. தமிழகத்தில், தொழிலதிபர் சி. ராஜம் தம் சொத்தை விற்ற பணத்தைக் கொண்டு 1949இல் சென்னைத் தொழில்நுட்ப நிறுவனத்தை நிறுவி, விமானப் பொறியியலை அதன் தொடக்கப் பாடங்களில் ஒன்றாக்கினார். அந்நிறுவனம் அமைந்த குரோம்பேட்டை, டி ஏஞ்சலிஸ் விமானம் ஓட்டிய பல்லாவரத்துக்கு அடுத்த ஊர். ஆயினும் இரண்டுக்கும் இடையில் நாற்பது ஆண்டு வெற்றிடம் இருந்ததால், 1910இன் அனுபவத்திலிருந்து எதுவும் அங்கே கைமாறவில்லை. ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அங்கே பயின்றவர். ஜெர்மனியின் போர்விமான வடிவமைப்பாளர் குர்ட் டாங்க் அந்நிறுவனத்தில் பணியாற்றிய பின் பெங்களூருக்குச் சென்று எச்.எஃப்.-24 மாருத் என்னும் போர்விமானத்தை உருவாக்கினார்.

1961 ஜூன் 17 அன்று முதன்முறை பறந்த மாருத், 1910இன் கதையை வேறோர் அளவில் மீண்டும் சொல்லியது. ஒலியைப் போல் இருமடங்கு வேகம் பெறும் வகையில் அதன் உடல் வடிவமைக்கப்பட்டிருந்தும், அதற்குரிய எஞ்சின் கிடைக்காமல், பிரிட்டனின் ஆர்ஃபியஸ் 703 எஞ்சின்கள் இரண்டைப் பொருத்த நேர்ந்ததால், அது ஒலியின் வேகத்தை எட்டவே திணறியது. இலகுரகப் போர்விமானமான தேஜசுக்கென 1980களின் இறுதியில் தொடங்கப்பட்ட காவேரி எஞ்சின் திட்டம் போதிய உந்துவிசையைத் தராததால், 2008இல் தேஜஸ் திட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது; 2001 ஜனவரியில் முதன்முறை பறந்த தேஜஸ் இன்றும் அமெரிக்க எஞ்சினிலேயே இயங்குகிறது. சிம்ப்சன் நிறுவனமோ விமானத்தின் பக்கம் திரும்பாமல், 1950களில் பிரிட்டனின் பெர்க்கின்ஸ் நிறுவன உரிமத்தோடு டீசல் எஞ்சின்களைச் செய்யும் ஆலையாக வளர்ந்து, நாற்பது ஆண்டுகளுக்கு முன் தன்னிடம் இல்லாதிருந்த எஞ்சின் தொழிலைச் சாலை வாகனங்களுக்காகக் கற்றுக்கொண்டது.

ஆகவே டி ஏஞ்சலிஸை விமானத்தைக் கண்டுபிடித்தவராகப் போற்றுவதும், வேடிக்கை காட்டிய ஹோட்டல்காரராகத் தள்ளுவதும் ஒருசேரப் பிழையாகும். டேட்டனிலும் பாரிசிலும் தீர்ந்த சிக்கல்களின் விடையைப் படத்திலும் செய்தியிலும் கண்டு, அதைத் தம் ஊரின் தொழில்திறனால் மறுபடி செய்து பார்த்தவர் என்பதே அவருக்குரிய இடம். அந்த இடத்தில் பாதி, பெயர் பதிவாகாத சிம்ப்சன் தச்சர்களுக்கும் கொல்லர்களுக்கும் தையல்காரர்களுக்கும் உரியது. வடிவத்தின் செய்தி சென்னைக்கு வந்து சேரச் சில வாரங்கள் போதுமாயிருந்தன, மரமும் துணியும் கையாளும் திறன் இங்கேயே காத்திருந்தது, ஆனால் எஞ்சினைப் பெற்றெடுக்கும் ஆலைகளின் கூட்டத்தைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவர இயலவில்லை. எச்.டி.-2 முதல் தேஜஸ் வரை நீளும் இந்திய விமானத் தொழிலின் வெற்றிகளையும் தாமதங்களையும் எடைபோடுவோர், கணக்கைப் பெங்களூரில் 1940இல் தொடங்காமல் மவுண்ட் ரோடின் வண்டிப் பட்டறையில் 1910இல் தொடங்கினால், உடலைக் கட்டுவதில் எளிதில் கைகூடிய வெற்றி எஞ்சினில் திரும்பத் திரும்பத் தள்ளிப்போன காரணத்தை முழு நீளத்தில் காண முடியும்.